பாதி மறைத்த லென்ஸ்

சேலத்தில் ஃபேர்லேண்ட்ஸைத் தாண்டி ஏற்காடு சாலையில் போனால் மாடர்ன் தியேட்டர்ஸின் நுழைவு வளைவு இன்னும் நிற்கிறது. உள்ளே ஸ்டுடியோ இல்லை. நூறு படங்களுக்கு மேல் எடுத்த இடம் அது. நிறுவனர் டி. ஆர். சுந்தரம் திருச்செங்கோட்டுக்காரர், இங்கிலாந்தில் லீட்ஸ் நகரில் நெசவுத் தொழில்நுட்பம் படித்தவர். 1940இல் அவர் இயக்கிய ‘உத்தம புத்திரன்’தான் தமிழின் முதல் இரட்டை வேடப் படம். நாயகன் பி. யு. சின்னப்பா.

ஒரே ஆளை ஒரே சட்டகத்தில் இரண்டாக நிறுத்த அக்காலத்தில் உலகெங்கும் இருந்த வழி எளிமையானது. கேமராவை அசையாமல் பூட்டிவிட்டு, லென்ஸின் முன் பாதியை அட்டையால் மறைத்து நடிகரை ஒரு பக்கம் நிறுத்திப் படம்பிடிப்பார்கள். பிறகு அதே ஃபிலிமைப் பின்னோக்கிச் சுற்றி, மறுபாதியை மறைத்து, வேறு உடையில் அவரையே மறுபக்கம் நிறுத்துவார்கள். அவ்வளவுதான்.

சிக்கல் நடுக்கோட்டில். லென்ஸுக்கு அருகில் இருக்கும் அட்டையின் விளிம்பு படத்தில் கூர்மையாக விழாது, மங்கலான ஒரு பட்டையாகவே விழும். அந்தப் பட்டையில் ஒரு புள்ளிக்கு முதல் தடவை முப்பது சதவீத ஒளி கிடைத்திருந்தால், இரண்டாம் தடவை எழுபது கிடைக்க வேண்டும். கூடினாலும் போச்சு, குறைஞ்சாலும் போச்சு: நடுவே வெளிறிய கோடோ கருத்த கோடோ தெரிந்துவிடும்.

இன்றைய எடிட்டிங் மென்பொருளும் இதே கூட்டலைத்தான் செய்கிறது. அந்த முப்பதுக்கு 1970களின் இறுதியில் எட் கேட்முல்லும் ஆல்வி ரே ஸ்மித்தும் ‘ஆல்ஃபா’ என்று பெயர் வைத்தார்கள். ஒவ்வொரு புள்ளியிலும் சிவப்பு, பச்சை, நீலத்தோடு நான்காவதாக அது எவ்வளவு மறைக்கிறது என்ற எண்ணும் சேர்ந்தது. 1984இல் தாமஸ் போர்ட்டரும் டாம் டஃப்பும் ஒரு யோசனை சொன்னார்கள்: நிறத்தை ஆல்ஃபாவால் முன்கூட்டியே பெருக்கி வைத்துவிடலாம். கணக்கு சுலபமானது. கூடவே ஒரு குழப்பமும் வந்தது. ஏற்கெனவே பெருக்கிய கோப்பை ‘ஸ்ட்ரெய்ட்’ என்று சொல்லி இறக்குமதி செய்தால் மென்பொருள் இன்னொரு முறை பெருக்கும். தலைமுடி ஓரத்தில் கருப்பு விளிம்பு வரும். ‘பிரீமல்டிப்ளைடு’ என்று மாற்றிச் சொன்னால் போய்விடும். அட்டைக் காலத்தின் அதே கருத்த கோடுதான், வேறு வழியில் வந்திருக்கிறது.

அடுத்தது வேகம். பேசும்படத்துக்கு நொடிக்கு 24 ஃபிரேம். 35 மி.மீ. ஃபிலிமில் ஓர் அடிக்கு 16 ஃபிரேம், ஆக நொடிக்கு ஒன்றரை அடி. இரண்டு சின்னப்பாக்கள் பேசிக்கொள்ள வேண்டுமென்றால் பின்னோக்கிச் சுற்றிய ஃபிலிம் தொடங்கிய இடத்துக்கே வர வேண்டும். எண்ணித்தான் ஆகணும்.

இன்று எண்ணுவது மென்பொருள். ஆனால் தனித்தனிப் படங்களாக வரும் தொடருக்குள் வேகம் பெரும்பாலும் எழுதப்பட்டிருக்காது. ஒரு நிமிடத்துக்கான 1,440 படங்களை 30 என்று வாசித்தால் 48 நொடியில் முடிந்துவிடும். அது கண்ணுக்கு உடனே தெரியும். 25 என்று வாசித்தால் 57.6 நொடி, பெரும்பாலோர் கவனிக்கவே மாட்டார்கள். நம் தொலைக்காட்சி முறையே 25தான். சினிமாவை அப்படியே 25இல் ஓட்டினால் மூன்று மணி நேரப் படம் ஏழு நிமிடம் குறையும், ஒலியையும் சேர்த்து ஓட்டினால் பாடகரின் சுருதி ஏறும். பழைய படத்துக்கு மிஞ்சியது அப்படியொரு வீடியோப் பிரதி மட்டும் என்றால், அடுத்த தலைமுறைக்கு அந்தக் குரல்தான் அவர் குரல்.

அதனால்தான் இறக்குமதிப் பெட்டியில் வரும் அந்த இரண்டு கேள்விகளையும் நான் அவசரமாகத் தாண்டுவதில்லை. படம் எவ்வளவு மறைக்கிறது, எவ்வளவு வேகமாக ஓடுகிறது என்பது கோப்பில் இல்லாதபோது, எடுத்தவருக்குத்தான் தெரியும். அவர் இருக்கும்போதே கேட்டு எழுதி வைத்துவிட வேண்டும்.