இணையதளப் பாதுகாப்புச் சான்றிதழ் (இந்தியா)

ஒரு முகவரியில் திறக்கும் தளம் அந்த முகவரிக்கு உரியதுதான் என்று மூன்றாவது நிறுவனம் ஒன்று கையொப்பமிட்டுத் தரும் மின்னணுச் சான்று. பல பிரவுசர்களில் பூட்டுக் குறி தெரிவது இதனால்தான். தளத்தை நடத்துபவர் யோக்கியரா என்பதற்கு அது பொறுப்பேற்பதில்லை. மோசடிக்காரரும் தம் தளத்துக்கு முறைப்படி சான்றிதழ் வாங்கிவிடலாம்.

1990களின் நடுவில் நெட்ஸ்கேப் உருவாக்கிய எஸ்எஸ்எல் முறையோடு இது பரவியது. நம்பத்தக்க நிறுவனங்களின் பட்டியல் பிரவுசரிலோ விண்டோஸ் போன்ற இயங்குதளத்திலோ முன்கூட்டியே பதிந்து வந்தது. பட்டியலில் இருக்கும் எந்த நிறுவனமும் உலகின் எந்தத் தளத்துக்கும் சான்றிதழ் தரலாம் என்பதே இதன் அடிப்படைக் கோளாறு. 2011இல் நெதர்லாந்தின் டிஜிநோட்டார் என்ற சான்றிதழ் நிறுவனத்துக்குள் ஊடுருவியவர்கள் கூகுள் பெயரில் எடுத்த போலிச் சான்றிதழ், ஈரானியரின் ஜிமெயிலை உளவு பார்க்கப் பயன்பட்டது. அந்நிறுவனம் அதே ஆண்டு திவாலானது.

இந்தியாவில் தகவல் தொழில்நுட்பச் சட்டம் 2000, சான்றளிக்கும் நிறுவனங்களுக்கு உரிமம் வழங்க சிசிஏ என்ற கட்டுப்பாட்டு அமைப்பை ஏற்படுத்தியது. அதன் மூலச் சான்றிதழை (மற்றச் சான்றிதழ்களுக்கு அடிப்படையானதை) மைக்ரோசாஃப்ட் தன் பட்டியலில் சேர்த்துக்கொண்டது, ஃபயர்ஃபாக்ஸ் சேர்க்கவில்லை.

2014 ஜூலை 2 அன்று கூகுள், தன் டொமைன்களுக்கு அனுமதியின்றிச் சான்றிதழ்கள் வழங்கப்பட்டிருப்பதைக் கண்டது. கொடுத்தது, சிசிஏ உரிமம் பெற்ற தேசிய தகவலியல் மையம் (என்ஐசி). மறுநாளே சிசிஏ அதன் இடைநிலைச் சான்றிதழ்களை (தளங்களுக்கான சான்றிதழ்களில் கையொப்பமிடப் பயன்படுபவற்றை) ரத்து செய்தது. என்ஐசியின் வழங்குமுறைக்குள் யாரோ புகுந்துவிட்டதாகவும், தவறாகப் போனவை நான்கு மட்டுமே என்றும், மூன்று கூகுளுக்கு, ஒன்று யாஹூவுக்கு என்றும் சிசிஏ விளக்கியது. வேறு சிலவும் தனக்குத் தெரியும் என்றது கூகுள். மைக்ரோசாஃப்ட் தடை செய்தவை 45. கூகுளின் சாவிகள் (சான்றிதழைச் சரிபார்க்கும் மறையெண்கள்) குரோமிலேயே பதிந்திருந்ததால் கூகுள் தளங்களுக்கான போலிகள் அதில் செல்லுபடியாகியிருக்காது. பிற தளங்களுக்கு அந்தக் காப்பு கிடையாது. கடைசியில், இந்திய மூலச் சான்றிதழை அரசு, கல்வி, ரிசர்வ் வங்கி உள்ளிட்ட ஏழு டொமைன்களோடு நிறுத்தப்போவதாகக் கூகுள் அறிவித்தது. உரிமம் கொடுப்பது டெல்லியின் அதிகாரம். அந்த உரிமத்துக்கு மதிப்புண்டா என்பதை பிரவுசர் நிறுவனம் முடிவு செய்தது.

இது எட்டாத் தொலைவு விவகாரமில்லை. பொள்ளாச்சியிலிருந்து கொல்லங்கோடு போகும் வழியில் உள்ள கோவிந்தாபுரம் சோதனைச்சாவடியில் வணிகவரித் துறையினர் லாரியை நிறுத்தி பில் பார்த்த வழக்கம் ஜிஎஸ்டியோடு போயிற்று. 2018 ஏப்ரலிலிருந்து மாநிலம் கடக்கும் சரக்குக்கு இ-வே பில். அந்தத் தளத்தை நடத்துவது இதே என்ஐசிதான். ஆனால் ஓட்டுநரின் ஆண்ட்ராய்டு போனில் அது எச்சரிக்கையின்றித் திறக்க வேண்டுமானால், பிரவுசர்கள் ஏற்ற வேறொரு நிறுவனத்தின் சான்றிதழ் வேண்டும்.

கண்காணிப்பும் மாறியது. 2018 ஏப்ரல் 30க்குப் பின் வழங்கப்படும் சான்றிதழ், எவரும் பார்க்கக்கூடிய பொதுப் பதிவேட்டில் ஏறாவிட்டால் குரோம் அதை ஏற்காது. தன் பெயரில் அந்நியர் எவரேனும் சான்றிதழ் வாங்கினால் தள உரிமையாளரே கண்டுபிடிக்கலாம், பார்த்துக்கொண்டிருந்தால். சான்றிதழின் ஆயுளும் சுருங்குகிறது: 2029 மார்ச் முதல் உச்சவரம்பு 47 நாள் என்று 2025இல் முடிவாயிற்று.

2023 ஆகஸ்டில் மத்திய அரசு உள்நாட்டு பிரவுசருக்கான போட்டியை அறிவித்தது. சிசிஏ மூலச் சான்றிதழ் அதற்குள்ளேயே இருக்க வேண்டும் என்பது நிபந்தனைகளுள் ஒன்று. 2025 மார்ச்சில் முதல் பரிசான 1 கோடி ரூபாயைச் சென்னையின் ஜோஹோ வென்றது. குரோமும் ஃபயர்ஃபாக்ஸும் வைத்திருப்பவர்களுக்கு இதனால் எந்த மாற்றமும் இல்லை.