களிமண்ணில் எழுதிய குலவரலாறு

ஒரு குலத்தின் வரலாறு ஏட்டிலே எழுதப்படலாம், கல்லிலே பொறிக்கப்படலாம். ஏடும் கல்வெட்டும் இல்லாத குலம் தன் நினைவை எங்கே எழுதி வைக்கும்? அவுஸ்திரேலியாவின் வடகோடியில், கேப் யோர்க் குடாநாட்டின் மேற்குக் கரையில் வாழ்ந்து வரும் தைனக்குவித் குலத்துப் பெண்மணி ஒருவர் அதனைச் சுட்ட களிமண்ணில் எழுதினார். அவரே தானக்குப்பி.

அவர் 1937 ஆம் ஆண்டு, வீப்பாவுக்கு அணித்தான நப்பிரனம் என்னும் ஊரிலே பிறந்தார். ஆங்கிலத்தில் குளோரியா பிளெற்சர் என வழங்கப்பட்ட அவருக்கு, அவர்தம் குலமொழி தந்த பெயர் தானக்குப்பி.

அவருடைய மக்களுக்கு மண் வெறும் பொருளன்று. சடங்குக் காலங்களில் வெண்களிமண்ணையும் காவிமண்ணையும் உடலிலே பூசிக்கொண்டு முன்னோர் கதைகளை ஆடிப் பாடுவது அவர்தம் வழக்கம். அம் மண்ணுக்கே பின்னர் ஆபத்து வந்தது. 1955 இல் வீப்பாப் பகுதியில் அலுமினியத்தின் மூலப்பொருளாகிய பொக்சைற்று பெருமளவிற் கண்டறியப்பட்டது. 1957 இல் குவீன்ஸ்லாந்துப் பாராளுமன்றம் இயற்றிய சட்டம், பழங்குடியினருக்கென ஒதுக்கப்பட்டிருந்த நிலத்தின் பெரும்பகுதியைச் சுரங்கக் கம்பனிக்குத் திறந்துவிட்டது. 1963 இல், வடக்கேயிருந்த மப்பூன் ஊர்மக்களைப் பொலிசார் பலவந்தமாக வெளியேற்றினர். அவர்களுடைய வீடுகள் தீக்கிரையாயின.

நிலம் போயின் நிலத்தோடு பிணைந்த கதையும் போகும். கதை போயின் மொழியும் தேயும். பாலர் ஆசிரியையாக இருந்த தானக்குப்பி, எழுபதுகளின் தொடக்கத்தில் சிட்னி நகர் சென்று, பீற்றர் றஷ்போத் என்னும் குயக்கலை ஆசானிடம் பயின்றார். கல்லூரியிற் பயின்ற முதற் பழங்குடிக் குயக்கலைஞர்களுள் ஒருவராகவும் விளங்கினார்.

அவர் பெரிதும் வனைந்தவை கோள வடிவான கலங்கள். மண் ஈரமாயிருக்கையிலேயே தைனக்குவித் கதைகளில் வரும் விலங்குகளையும் முன்னோரையும் அவற்றின் புறத்தே ஆழக் கீறுவார். பின்னர் 1,200 பாகை செல்சியசுக்கு மேற்பட்ட வெப்பத்திலே அவை சுடப்படும். உடலிற் பூசிய மண் கழுவினாற் போய்விடும். சூளையிற் சுட்ட கோடு அழிவதில்லை. கலத்தைக் கையிலெடுத்துச் சுழற்றிச் சுழற்றிப் பார்த்தாலன்றி அக்கதை முழுமையாகாது.

அவர் வழியே ஒரு தனி வழியாக நின்றுவிடவில்லை. மத்திய அவுஸ்திரேலியாவின் ஹேர்மன்ஸ்பேர்க்கில் 1990 இல் தொடங்கிய பட்டறையிலே, அரேண்டக் குலத்துப் பெண்கள் கலத்தின் புறத்தில் தம் நிலக்காட்சியைத் தீட்டி, மூடியின்மேற் பறவையையும் விலங்கையும் உருவாக்கி வைக்கின்றனர்.

ஐரோப்பியர் வருமுன் அவுஸ்திரேலியப் பழங்குடியினர் மட்கலம் செய்ததில்லை என்பது அறிஞர் பலரின் நெடுங்காலக் கொள்கை. ஆகவே குயக்கலை அவர்களுக்கு இரவற்கலை என்றே எண்ணப்பட்டது. ஆனால் 2024 இல் வெளியான ஆய்வொன்று அக்கொள்கையை அசைத்தது. அதே குடாநாட்டின் கிழக்குக் கடலிலுள்ள ஜீகுறு என்னும் தீவில் 82 மட்கல ஓடுகள் கிடைத்தன. அவை ஏறத்தாழ 2,000 முதல் 3,000 ஆண்டுகளுக்கு முற்பட்டவை. அவ்விடத்து மண்ணாலேயே ஆனவை. இதனைக் காணத் தானக்குப்பி உயிரோடிருக்கவில்லை. எனினும், தம் கலங்கள் தம்முடையவை என்பதற்கு அவருக்கு அகழ்வாராய்ச்சியின் சான்று வேண்டியிருக்கவுமில்லை.

2003 இல் அவுஸ்திரேலிய அரசு அவருக்கு உயர் விருதளித்துச் சிறப்பித்தது. அவரோ, 2007 இல் தைனக்குவித் மொழிக்கு ஓர் அகராதியை வெளியிட்டார். 2011 இல் அவர் மறைந்தார். கதையைக் கலத்திலே காத்தவர், அக்கதையைச் சொல்லுதற்குரிய சொற்களையும் ஏட்டிலே சேர்த்து வைத்த பின்னரே விடைபெற்றார்.