'லேபென்' என்னும் சொல்

செருமானிய மொழி பயிலத் தொடங்குவோர் முதற் சில பாடங்களிலேயே எதிர்கொள்ளும் சொற்களுள் ஒன்று 'லேபென்'. வினையாக நின்றால் வாழ்தல். பெயராக நின்றால் வாழ்வு. உயிர், வாழ்வு, வாழ்க்கை, வாழ்நாள் எனத் தமிழ் தனித்தனிச் சொற்களால் வேறுபடுத்தும் பொருள்களைச் செருமானியர் இவ்வொரு சொல்லுக்குள் அடக்கிவிடுவர். போரில் உயிரிழந்தான் எனினும் லேபென். எளிய வாழ்க்கை நடத்தினான் எனினும் அதே லேபென்தான். இத்துணைப் பரந்த சொல்லின் பிறப்பு எளிய ஒரு செயலில் இருப்பது வியப்புக்குரியது.

பழைய உயர் செருமானியத்தில் இச்சொல் 'லெபேன்' என வழங்கிற்று. நான்காம் நூற்றாண்டில் உல்பிலா என்னும் ஆயர் விவிலியத்தைப் பெயர்த்த கோத்திக மொழியில் அது 'லிபான்'. ஆங்கிலத்தின் 'லைஃப்', 'லிவ்' ஆகியவையும் இக்குடும்பத்தினவே. இவற்றிற்கெல்லாம் மூலமாக மொழிநூலார் காட்டும் வேரின் பொருள், ஒட்டுதல், பசைபோலப் பற்றிக்கொள்ளுதல் என்பதாகும். ஒட்டியது நீங்காது, நீங்காதது எஞ்சும், எஞ்சி இருப்பதே வாழ்தல். இவ்வாறு பொருள் வளர்ந்தது என்பர். இதற்குச் சான்று அம்மொழியிலேயே உண்டு. 'தங்கு, நிலைத்திரு' எனப் பொருள்படும் 'ப்ளைபென்' என்னும் அன்றாட வினைச்சொல் லேபெனின் உடன்பிறப்பு. ஆங்கிலத்தில் விட்டுச் செல்லுதலைக் குறிக்கும் 'லீவ்' என்பதும் தொடக்கத்தில் 'எஞ்சியிருக்கச் செய்தல்' என்றே பொருள்பட்டது. அதே வேர் வடமொழியில் 'லிப்' எனப் பூசுதலைக் குறித்தது. சந்தன லேபனம் என்று நாம் வழங்கும்போது, அவ்வட சொல்லின் வழியாக, செருமானியரின் வாழ்வுச் சொல்லுக்குத் தொலைதூர உறவுடைய ஒன்றையே நாவில் ஏந்துகின்றோம்.

சொல்லாராய்ச்சியில் ஈடுபட்டோருக்குக் கிரிம் உடன்பிறந்தாரின் பேரகராதியை நினையாமல் இருக்க முடியாது. 1838இல் தொடங்கப்பெற்ற அப்பணி 1961இல்தான் நிறைவெய்தியது. யாக்கோபு கிரிம், 'கனி' என்னும் பொருளுடைய 'ஃப்ருக்ட்' என்ற சொல்லில் உழைத்துக்கொண்டிருந்தபோது 1863இல் காலமானார். அகர வரிசையில் லேபென் அவருக்கு எட்டவில்லை; அச்சொல் இடம்பெற்ற தொகுதி 1885இல் பிறர் கையால் வெளிவந்தது.

லேபெனுக்கு நெருங்கிய இன்னொரு சொல் 'லைப்'. இன்று அதற்கு உடல் என்று பொருள். வயிறு என்றும் வழங்கும். ஆனால் ஏறத்தாழ 1200ஆம் ஆண்டில் எழுந்த நிபெலுங்கென் காவியத்தில் வீரர்கள் 'லீப்' இழந்தனர் என்றால் உயிரிழந்தனர் என்பதே பொருள். உயிரும் உடலும் அன்று ஒரு சொல்லாய் இருந்தன. பின்னர் லைப் உடலளவில் சுருங்க, உயிரின் பொருள் முழுமையும் லேபெனைச் சேர்ந்தது. பழைய பொருளின் சுவடு சில தொடர்களில் மட்டும் எஞ்சியுள்ளது. வாழ்நாள் முழுதும் தரப்படும் ஓய்வூதியம் போன்ற தொகையை இன்றும் 'லைப்ரெண்டெ' என்பர். சட்டமொழியில் 'லைப் உண்ட் லேபென்', அதாவது உடலும் உயிரும், என்னும் இணைமொழி நெடுங்காலமாக வழங்குகின்றது.

கூட்டுச்சொல் ஆக்குவதில் செருமானியர் சளைக்காதவர். உணவுப் பொருள் அவர்களுக்கு 'வாழ்வின் சாதனம்'. தன்விவரக் குறிப்பு 'வாழ்வின் ஓட்டம்'. இவை தீங்கற்றவை. எல்லாக் கூட்டுச்சொற்களும் அவ்வாறு அமைந்துவிடவில்லை.

புவியியலறிஞர் பிரீட்ரிக் ராட்செல் 1901இல் வெளியிட்ட ஆய்வொன்றுக்கு 'லேபென்ஸ்ரௌம்', அதாவது வாழ்வதற்கான இடம், என்று தலைப்பிட்டார். செடிகொடிகளும் விலங்குகளும் பரவும் முறையை ஆராய்ந்த நூல் அது. பிற்காலத்தில் இட்லரின் ஆட்சி அச்சொல்லைக் கைப்பற்றி, கிழக்கே இருந்த மக்களின் நிலத்தைப் பறிப்பதற்கு நியாயமாக்கிற்று. 1920இல் சட்ட அறிஞர் கார்ல் பிண்டிங்கும் மனநோய் மருத்துவர் ஆல்ஃபிரட் ஹோகேயும் எழுதிய நூலின் தலைப்பு இதனினும் கொடிது. அதில் 'வாழத் தகாத வாழ்வு' என்னும் தொடர் அமைந்திருந்தது. செருமானியத்தில் அத்தொடரில் லேபென் இருமுறை வருகின்றது. ஒருமுறை உயிரைக் குறிக்க, மறுமுறை அவ்வுயிருக்குத் தகுதியில்லை என மறுக்க. நிலைத்திருத்தல் என்று பொருள் பெற்ற சொல்லையே, நிலைத்திருக்க வேண்டாதவர் யார் என்று பிரித்தெடுக்கும் கருவியாக்கினர். கற்றோர் எழுதிய தொடர் இது என்பதை ஆசிரியர் இனத்தார் மறத்தலாகாது. 1940 தொடக்கத்திலிருந்து 1941 ஆகஸ்டு வரை, ஆறு கொலை நிலையங்களில் எழுபதாயிரத்துக்கும் மேற்பட்ட மனநோயாளரும் ஊனமுற்றோரும் நச்சுவாயுவால் கொல்லப்பட்டனர்.

போருக்குப்பின் 1949இல் மேற்குச் செருமனி இயற்றிய அடிப்படைச் சட்டத்தின் இரண்டாம் உறுப்பு, ஒவ்வொருவருக்கும் உயிர்வாழும் உரிமையும் உடல் ஊறுபடாதிருக்கும் உரிமையும் உண்டென அறிவித்தது. பழைய இணைமொழியின் இரு பாதிகளும் அதில் மீண்டும் அருகருகே அமர்ந்தன. உரிமைக்குரிய இடத்தில் நின்ற சொல் லேபென். தகுதி, பயன் என்ற அடைமொழி எதுவும் அதற்கு இல்லை.

அடைமொழி இல்லாமையின் வலிமை பிற்காலத்தில் தெரிந்தது. தாக்குதலுக்காகக் கடத்தப்பட்ட வானூர்தியைப் பயணிகளோடு சுட்டு வீழ்த்த இராணுவத்திற்கு இசைவளித்த ஒரு சட்டம் 2005இல் நடைமுறைக்கு வந்தது. கூட்டாட்சி அரசியலமைப்பு நீதிமன்றம் 2006 பிப்ரவரி 15இல் அவ்விசைவைச் செல்லாதென்றது. அப்பயணிகள் எப்படியும் சிறிது நேரத்தில் இறக்கப்போகிறவர்கள்தாமே என்னும் வாதமும் எழுந்தது. ஒருவர் இன்னும் எத்துணைக் காலம் உயிரோடிருப்பார் என்பதைக் கொண்டு அவருடைய உயிருக்குரிய காப்பை அளக்க இயலாதென்று நீதிமன்றம் அதனையும் மறுத்துவிட்டது.