வேலையும் ஆளும் சந்திக்குமிடம்: திருவண்ணாமலைப் பிரதேசத்தை முன்வைத்து வேலைவாய்ப்பு அலுவலக வரலாறு

வேலை தேடுகிறவனுக்கு வேலை இருக்குமிடம் தெரியாமலும், ஆள் தேடுகிறவனுக்குத் தகுந்த ஆள் இருக்குமிடம் தெரியாமலும் போவது, வேலையில்லாத் திண்டாட்டத்துக்கு ஒரு பிரத்தியேகமான காரணம் என்பதையும், அக்காரணத்தைப் போக்குவது சர்க்காரின் கடமைகளுள் ஒன்று என்பதையும் உலகம் ஒப்புக்கொள்ள இருபதாம் நூற்றாண்டு பிறக்க வேண்டியிருந்தது. ஜெர்மானிய நகரங்களில் நடந்துவந்த தொழிலாளர் நிலையங்களை நேரில் சென்று பார்த்துவந்த வில்லியம் பெவரிட்ஜின் யோசனை, வின்ஸ்டன் சர்ச்சில் வர்த்தக இலாகாவுக்குத் தலைவராக இருந்த சமயத்தில் 1909ஆம் ஆண்டுச் சட்டமாகி, 1910 பிப்ரவரி 1ஆம் தேதி பிரிட்டனில் அந்நிலையங்கள் திறக்கப்பட்டன. வேலையும் ஆளும் ஒன்றையொன்று தேடிக் கண்டடைவதற்குக் காலமும் செலவும் பிடிக்கின்றன என்ற அந்தச் சாமானிய உண்மையைக் கணித வடிவில் விளக்கியதற்காக டைமண்ட், மார்டென்சன், பிஸ்ஸாரிடிஸ் என்னும் மூவர் 2010இல் பொருளாதார நோபல் பரிசு பெற்றனர்.

நம் பிரதேசத்தில் இந்தச் செலவை ஏழை எவ்வாறு கொடுத்தான் என்பதை அறிந்தால்தான், பின்னால் வந்த சர்க்கார் அலுவலகத்தின் அருமை விளங்கும். மழை பொய்த்த ஆண்டுகளில் ஆர்க்காட்டுக் கிராமங்களில் வேலை என்பது ஒரு மனிதனின் வாய் வழியாகவே வந்தது. அவன் கங்காணியாகவோ, மேஸ்திரியாகவோ, கப்பலுக்கு ஆள் சேர்க்கும் ஏஜெண்டாகவோ இருந்தான். 1860இல் சென்னைத் துறைமுகத்திலிருந்து நேட்டாலுக்குக் கப்பல் புறப்பட்டது முதல், 1903இல் பிஜித் தீவுக்குச் சென்னையிலிருந்து ஆள் ஏற்றத் தொடங்கி, 1917இல் ஒப்பந்தக் கூலிமுறை நிறுத்தப்படும்வரை, தென்னிந்தியாவிலிருந்து கடல் கடந்தவர்களில் வட ஆர்க்காட்டார் பெருந்தொகையினர். இலங்கைத் தோட்டங்களுக்கு ஆள் சேர்த்த கங்காணி, முன்பணம் கொடுத்து அழைத்துச் சென்று, அந்த முன்பணத்தையே கடனாக்கி, கடனையே விலங்காக்கினான். வேலையைப் பற்றிய செய்தி ஒருவன் கையில் மாத்திரம் இருக்கும்போது, அச்செய்திக்கு அவன் வைத்ததே விலை. அந்த விலையைக் குடும்பங்கள் தலைமுறைக் கணக்கில் கட்டின.

1919இல் சர்வதேசத் தொழிலாளர் ஸ்தாபனம் நிறைவேற்றிய வேலையின்மை பற்றிய உடன்படிக்கை, கட்டணமின்றி நடைபெறும் பொது வேலைவாய்ப்பு நிலையங்களை மத்திய அதிகாரத்தின் கீழ் அமைக்க வேண்டுமென்று விதித்தது. இந்தியா 1921இல் அதனை ஏற்றுக்கொண்டது. ஆயினும் நிலையங்கள் எழவில்லை. தொழிலாளர் நிலையை ஆராய 1929இல் நியமிக்கப்பட்டு 1931இல் அறிக்கை தந்த விட்லி கமிஷன், ஆலைகளில் மேஸ்திரிமார் ஆள் சேர்ப்பதிலும் நீக்குவதிலும் வாங்கிய லஞ்சத்தை வன்மையாகக் கண்டித்துவிட்டு, ஆலை வாசலிலேயே ஆட்கள் கிடைக்கின்ற காலத்தில் இத்தகைய நிலையங்களால் பயன் விளையாது என்று அபிப்பிராயப்பட்டது. வாசலில் நிற்பவன் மேஸ்திரியின் தயவால்தான் நிற்கிறான் என்பதை இவ்வளவு தெளிவாகக் கண்ட கமிஷன், பரிகாரத்தை மட்டும் ஒத்திவைத்தது பெரும் குறை என்றே கருதுகிறேன். 1938இல் இந்தியா அந்த உடன்படிக்கையிலிருந்தே விலகிக்கொண்டது.

அமைதிக்காலம் செய்யாததை யுத்தகாலம் செய்தது. தொழில்நுட்பம் தெரிந்தவர்கள் யுத்தத் தொழிற்சாலைகளுக்குத் தேவைப்பட்டபோது, 1940ஆம் ஆண்டு அவசரச் சட்டத்தையொட்டிச் சில நிலையங்கள் தோன்றின; யுத்தம் முடியும் தறுவாயில், 1945 ஜூலையில், படையிலிருந்து விடுவிக்கப்படுவோருக்கு மறுவாழ்வு தேடித்தரும் பொருட்டு மத்திய சர்க்கார் ஒரு தலைமை இயக்ககத்தை ஏற்படுத்திற்று. வேலூர்ச் சுற்றுவட்டாரத்தில் வீட்டுக்கு ஒருவரைப் படைக்கு அனுப்பிய கிராமங்கள் இன்றும் உள்ளன. அத்தகைய பிரதேசத்தில் அந்த இயக்ககம் எவ்வளவு அவசியமாக இருந்திருக்கும் என்பதை விரித்துரைக்க வேண்டுவதில்லை. பிரிவினைக்குப் பின் அகதிகளும் இதனால் பயன்பெற்றனர். 1948இன் தொடக்கத்தில் எல்லாப் பிரஜைகளுக்கும் கதவு திறந்தது. இந்நிலையங்களைப் பற்றி ஆராய்ந்த சிவராவ் கமிட்டியின் 1954ஆம் ஆண்டு அறிக்கையின்படி, 1956 நவம்பர் 1ஆம் தேதி, மொழிவாரி மாநிலங்கள் உதயமான அதே நாளில், அலுவலகங்களின் அன்றாட நிர்வாகம் மாநிலங்களின் பொறுப்பாயிற்று.

இதன் பிறகு வந்ததே 1959ஆம் ஆண்டுக் காலிப்பணியிட அறிவிப்புச் சட்டம். 1960 மே 1 முதல் அமலுக்கு வந்த இச்சட்டம், பொதுத்துறை ஸ்தாபனங்களும், 25 பேருக்குக் குறையாமல் வேலை செய்யும் தனியார் ஸ்தாபனங்களும் தங்களிடம் ஏற்படும் காலியிடங்களை வேலைவாய்ப்பு அலுவலகத்துக்குத் தெரிவித்தே ஆகவேண்டும் என்று கட்டாயப்படுத்தியது. ஆனால் அவ்வலுவலகம் அனுப்புகிறவர்களையே நியமிக்க வேண்டும் என்று அது சொல்லவில்லை. அத்தகைய கடமை எதுவும் இல்லையென்று வெளிப்படையாகவே கூறிற்று. விவசாய வேலையும், வீட்டு வேலையும், மூன்று மாதத்துக்குக் குறைந்த வேலையும் சட்டத்தின் வரம்புக்கு வெளியே நின்றன. நெல்லும் மணிலாவும் விளையும் இந்தச் சீமையில் பெரும்பாலோரின் ஜீவனோபாயம் எதுவோ, அதனைச் சட்டம் கண்ணெடுத்தும் பார்க்கவில்லை என்று இதற்குப் பொருள்.

சட்டம் இவ்விதம் நின்றதால், தனியார் முதலாளிகள் படிவத்தைப் பூர்த்தி செய்து அனுப்பிவிட்டு, ஆட்களைத் தாம் பழகிய வழியிலேயே எடுத்துக்கொண்டனர். சர்க்கார் இலாகாக்களோ அலுவலகத்தின் பட்டியலையே நம்பி நியமனம் செய்தன. ஆகவே சந்தையாக விளங்க வேண்டிய இடம் வரிசையாக மாறிற்று. விண்ணப்பதாரர் ஒவ்வொருவருக்கும் ஓர் அட்டை எழுதி, தொழிற்குறியீட்டு எண்ணின்படி பெட்டிகளில் அடுக்கி, காலியிடம் பற்றிய கடிதம் வந்ததும் பதிவு மூப்புப்படி அட்டைகளை உருவி, பெயர்களை அனுப்புவதே அங்கிருந்த சிப்பந்திகளின் நித்திய காரியமாயிற்று. எஸ்.எஸ்.எல்.சி. தேறிய மறுவாரமே பதிந்துவிட வேண்டும், மூன்று ஆண்டுக்கொருமுறை தவறாமல் புதுப்பிக்க வேண்டும், ஒருமுறை தவறினாலும் மூப்புப் போய்விடும் என்ற எச்சரிக்கையைக் கேளாமல் வளர்ந்த பிள்ளை தமிழ்நாட்டில் இல்லை. “எம்ப்ளாய்மெண்ட்ல பதிஞ்சு வெச்சிட்டியா?” என்பது குசலப் பிரசினங்களில் ஒன்றாகவே ஆகிவிட்டது.

இந்த வரிசையை ஏளனமாகப் பேசுவோர் உண்டு. நான் அவர்களோடு சேரமாட்டேன். இடைநிலை ஆசிரியர் பதவியும், அரசுப் போக்குவரத்துக் கழகத்தில் ஓட்டுநர், நடத்துநர் பதவியும் பதிவு மூப்பின்படி கிடைத்துவந்த காலத்தில், சிபாரிசுக்கு ஆளில்லாத குடியானவன் மகனும் சலவைத் தொழிலாளி மகளும், தங்கள் முறை வரும் என்ற நிச்சயத்தோடு காத்திருக்க முடிந்தது. ஆதரவற்ற விதவையருக்கும், முன்னாள் இராணுவத்தினருக்கும், கலப்புமணத் தம்பதியருக்கும் முன்னுரிமை வழங்கிய விதிகளின் பெருமையும் சாமானியமானதன்று. கங்காணியின் தயவில் கிடந்த சமூகத்துக்கு, எண்ணிட்ட அட்டை ஒன்று கிடைத்தது மகத்தான மாறுதல். காத்திருப்பே இளமையைத் தின்றுவிடும் என்பது அதன் மறுபக்கம். பதினைந்து இருபது ஆண்டுக் காத்திருப்புக்குப் பின் வேலைக்குச் சென்றவர்களை நாம் அனைவரும் அறிவோம்.

1989 செப்டம்பர் 30ஆம் தேதி வட ஆர்க்காடு மாவட்டம் பிரிந்து திருவண்ணாமலை தனி மாவட்டமாகும்வரை, மாவட்டத் தலைநகர் எண்பது கிலோமீட்டருக்கு அப்பாலுள்ள வேலூராகவே இருந்தது. செங்கத்திலிருந்தோ ஜவ்வாது மலையிலிருந்தோ மாவட்டத் தலைநகருக்குப் போய்வர நினைத்தவனுக்கு ஒரு நாள் கூலியும் பஸ் கட்டணமும் சேர்ந்து நஷ்டம். புதிய மாவட்டத்தின் ஆட்சியர் அலுவலகம், நகரத்தின் வடக்கே வேலூர்ச் சாலையில், வேங்கிக்காலில் அமைந்தது. அண்ணாமலையாரைத் தரிசிக்க வருபவர்கள் கோபுரத்தை நோக்கிச் செல்ல, மனுவும் சான்றிதழும் கொண்டு வருபவர்கள் வேங்கிக்காலை நோக்கி வருவது இந்நகரத்தின் வழக்கமாயிற்று.

வரிசை முறை தளர்ந்ததற்கு இரு காரணங்களைச் சொல்லலாம். வேலைவாய்ப்பு அலுவலகப் பட்டியலோடு பத்திரிகை விளம்பரமும் செய்து யாவருக்கும் வாய்ப்பளிக்க வேண்டுமென்று, ஆந்திரத்திலிருந்து வந்த வழக்கொன்றில் உச்ச நீதிமன்றம் 1996இல் கூறியது முதற்காரணம். ஆசிரியர் தகுதித் தேர்வு 2012 ஜூலையில் முதன்முறையாக நடந்து, மூப்பின் இடத்தைத் தேர்வு எடுத்துக்கொண்டது இரண்டாவது. அட்டையும் கணினிக்குள் சென்றுவிட்டது: அலுவலகத்தைக் குறிக்கும் மூன்று எழுத்து, பதிவாண்டு, ஆணா பெண்ணா என்று காட்டும் ஓரெழுத்து, அதன்பின் எட்டு இலக்கம் என்று ஒரு மனிதனின் காத்திருப்பு முழுவதும் ஒரே வரியில் அடங்கிற்று. பத்தாம் வகுப்பு, பன்னிரண்டாம் வகுப்பு மாணவர்களுக்குச் சான்றிதழ் வழங்கும்போது பள்ளியிலேயே பதிவு நடப்பதால், ஆயிரக்கணக்கானோர் ஒரே நாள் மூப்பைப் பெறுகின்றனர். அனைவரும் ஒரே நாளில் நிற்கும் வரிசையில் முன்னவர் ஏது, பின்னவர் ஏது? 2022இல் மாநிலப் பதிவேட்டில் இருந்தோர் 60 இலட்சத்துக்கும் மேல்.

மூப்பின் பயன் குறைந்தபின் அந்த அலுவலகத்துக்கு வேலையே இல்லையென்று எண்ணுவது தவறு. அது தன் ஆதி நோக்கத்துக்குத் திரும்பி வருகிறது என்பதே இக்கட்டுரையின் துணிபு. ‘வேலைவாய்ப்பு மற்றும் தொழில்நெறி வழிகாட்டும் மையம்’ என்று பெயர் மாறிய மாவட்ட அலுவலகங்களில், தன்னார்வப் பயிலும் வட்டங்கள் போட்டித் தேர்வுகளுக்குக் கட்டணமின்றிப் பயிற்சி தருகின்றன; சென்னையில் பல்லாயிரம் கட்டிப் படிக்க முடியாத கிராமத்துப் பெண்ணுக்கு அந்த வகுப்பறை எத்தகைய பாக்கியம் என்பதைப் படித்துத் தேறியவர்கள் சொல்வார்கள். தனியார் துறை முகாம்களில், ஸ்தாபனத்தார் ஒரு மேஜையும் விண்ணப்பதாரர் ஒரு பிளாஸ்டிக் கோப்புமாக நேருக்கு நேர் அமர்கின்றனர். சம்பளம் என்ன, தங்குமிடம் உண்டா, இரவு முறை உண்டா என்று பெற்றோரும் கூடவே வந்து விசாரிக்கின்றனர். இந்த மாவட்டத்துச் செய்யாறு சிப்காட்டில் காலணித் தொழிற்சாலைகள் பெண்களைப் பெருந்தொகையாக வேலைக்கு எடுக்கின்ற இக்காலத்தில், இக்கேள்விகளைச் சர்க்கார் முன்னிலையில் கேட்க முடிவது சிறிய விஷயமன்று. இத்தகைய முகாமில் எத்தனை பேருக்கு நியமனம் கிடைத்தது என்று மட்டும் கணக்கெடுப்பதைவிட, எத்தனை பேர் இடைத்தரகனின்றி உண்மையான விவரத்தை அறிந்தனர் என்று கணக்கெடுப்பதே பொருத்தம்.

2006ஆம் ஆண்டு இவ்வரலாற்றில் விசேஷமானது. பதிந்து ஐந்தாண்டு காத்திருக்கும் வறியவர்களுக்கு உதவித்தொகை வழங்கும் திட்டத்தை மாநில அரசு அவ்வாண்டில் தொடங்கிற்று. அதே ஆண்டு பிப்ரவரி 2ஆம் தேதி, தேசிய ஊரக வேலை உறுதிச் சட்டம் நாட்டின் 200 மாவட்டங்களில் முதலில் நடைமுறைக்கு வந்தபோது, தமிழ்நாட்டில் தெரிவான ஆறு மாவட்டங்களுள் திருவண்ணாமலையும் ஒன்று. வேலை கேட்டு மனு கொடுத்தால் தேதியிட்ட ரசீது, 15 நாளுக்குள் வேலை, இல்லையேல் படி என்று அச்சட்டம் வகுத்த முறை, 1959ஆம் ஆண்டுச் சட்டம் கைவிட்ட விவசாயக் கூலிகளை ஒரு பதிவேட்டில் ஏற்றியது. ஆனால் அப்பதிவேடு ஊரக வளர்ச்சித் துறையினுடையது. வேலைவாய்ப்புத் துறையின் பதிவேடு வேறு.

பெங்களூருக்கும் திருப்பூருக்கும் கட்டட வேலைக்கும் பனியன் வேலைக்கும் குடும்பத்தோடு செல்கின்ற செங்கம், ஜவ்வாது மலை, தண்டராம்பட்டு மக்களில் பெரும்பாலோர் இன்றும் மேஸ்திரியின் முன்பணத்தை நம்பியே பயணம் புறப்படுகின்றனர். அவர்களுக்குத் தெரிந்த கொத்து வேலையும் கம்பி வேலையும் தொழிற்குறியீட்டில் எண் பெற்றவைதாம். அந்த எண்ணோடு அவர்கள் பெயரைப் பஞ்சாயத்திலேயே பதிந்து, எந்த ஊரில் என்ன கூலி என்ற விவரத்தை வேங்கிக்காலிலிருந்து வாரந்தோறும் கிராமங்களுக்கு அனுப்புவதற்குப் புதிய சட்டமெதுவும் வேண்டியதில்லை. இரண்டு துறைகள் கலந்து பேசி, பதிவேடுகளை இணைத்தால் போதும்.