நாலாயிரம் வெள்ளி அபராதம்

கேமரன் மலை பகாங்கில் இருந்தாலும் அதன் பழைய வாசல் பேராக்கின் தாப்பாதான். ரிங்லெட், ஹபு தேயிலைத் தோட்டத்தார் அந்தப் பாதையில் மலையிறங்கினால் மிதிப்பது பேராக் மண்ணை. அதனால் 2009 பிப்ரவரியில் ஈப்போவில் பேராக் ஆட்சி கவிழ்ந்தது அவர்களுக்கு அடுத்த வீட்டுச் சண்டை.

மூன்று பேர் அணி விலகியதில், 59 உறுப்பினர் சட்டமன்றத்தில் மக்கள் கூட்டணியின் பெரும்பான்மை போனது. மன்றத்தைக் கலைக்கும்படி மந்திரி புசார் நிசார் கேட்டார். சுல்தான் அஸ்லான் ஷா மறுத்துவிட்டார். அவரும் சட்டம் தெரியாதவரல்ல, நாட்டின் தலைமை நீதிபதியாக இருந்தவர். பிப்ரவரி 6-இல் ஸம்ரி புதிய மந்திரி புசாராகப் பதவியேற்றார். அன்றே கோலாலம்பூரில் தம் அலுவலகத்தில் நிருபர்களைக் கூட்டிய நாடாளுமன்ற உறுப்பினர் கர்ப்பால் சிங், சுல்தானின் முடிவை எதிர்த்து நீதிமன்றம் போகலாம் என்றார். மார்ச்சில் அவர்மீது தேச நிந்தனை வழக்கு பாய்ந்தது.

அரசருக்கும் நாடாளுமன்ற உறுப்பினருக்கும் மோதல் புதிதல்ல. 1642-இல் இங்கிலாந்தின் முதலாம் சார்லஸ், ஐந்து உறுப்பினர்களை ராஜத்துரோகிகள் என்று பிடிக்க ஆயுதக்காரர்களோடு தாமே நாடாளுமன்றத்துக்குள் நுழைந்தார். இங்கே வழக்குப் போட்டது சுல்தானல்ல, அரசு வழக்குரைஞர். ஆயுதம், வெள்ளைக்காரன் 1948-இல் போட்டு விட்டுப்போன நிந்தனைச் சட்டம்.

அந்தச் சட்டத்துக்குள்ளேயே ஒரு சந்து உண்டு. ஆட்சியாளர் தம் நடவடிக்கையில் தவறினார் என்று எடுத்துக்காட்டுவது மட்டும் நிந்தனையாகாது என்கிறது மூன்றாம் பிரிவு. போதாததற்கு, 1993 திருத்தத்துக்குப் பிறகு ஆட்சியாளர்மீது சிறப்பு நீதிமன்றத்தில் வழக்குத் தொடுக்கவும் முடியும். நான் சொன்னது சட்டக் கருத்து, அவ்வளவுதான் என்பதே கர்ப்பாலின் வாதம். துரை வாய் திறந்தால் அதுவே சட்டம் என்றிருந்த லயங்களுக்கு இது லேசான பேச்சல்ல.

2010-இல் உயர் நீதிமன்றம் எதிர்வாதத்துக்கே அழைக்காமல் விடுவித்தது. 2012-இல் மேல்முறையீட்டு நீதிமன்றம், எதிர்வாதம் செய்தே தீர வேண்டும் என்றது. 2014 பிப்ரவரியில் குற்றவாளி என்று தீர்ப்பு. மார்ச் 11-இல் 4,000 வெள்ளி அபராதம். அபராதம் 2,000 வெள்ளியைத் தொட்டாலே நாடாளுமன்ற இருக்கைக்கு ஆபத்து. 2005 விபத்திலிருந்து சக்கர நாற்காலியில் இருந்த 73 வயதுக்காரருக்குப் பணமா பெரிது? கணக்கு வேறு இடத்தில் இருந்தது.

ஏப்ரல் 17 விடியற்காலை, பினாங்குக்குப் போகும் வழியில், தாப்பா தாண்டிக் கம்பார் அருகே நடந்த விபத்தில் அவர் இறந்தார். மே 28-இல் சுல்தானும் மறைந்தார். வழக்கு மட்டும் சாகவில்லை, மனைவி நடத்தினார். 2016-இல் அபராதம் 1,800 வெள்ளியாகக் குறைந்தது. பதவி தப்பும் தொகைதான், ஆனால் அவருடைய தொகுதியில் அதற்குள் இடைத்தேர்தலே முடிந்து மகன் உட்கார்ந்திருந்தார். 2019 மார்ச் 29-இல் கூட்டரசு நீதிமன்றம் அந்த 1,800-ஐயும் சேர்த்துத் தீர்ப்பையே ரத்து செய்தது.