நகர வகைப்பாடு (வீட்டு வாடகைப்படி)

நகர வகைப்பாடு என்பது இந்திய மைய அரசு ஊழியர்களின் வீட்டு வாடகைப்படியை அவர்கள் பணியாற்றும் ஊருக்கேற்ப நிர்ணயிக்கும் முறை. 2011 மக்கள்தொகைக் கணக்கெடுப்பே இதற்கு அடிப்படை. 50 லட்சமும் அதற்கு மேலும் மக்கள்தொகை கொண்ட நகரங்கள் எக்ஸ் வகை. சென்னை உட்பட எட்டு நகரங்கள் இதில் அடங்கும். 5 முதல் 50 லட்சம் வரை ஒய் வகை. கோவை, மதுரை, திருச்சி, சேலம், திருப்பூர், ஈரோடு இதில் வருவன. ஏனையவை இசட் வகை.

ஆறாவது ஊதியக்குழுவை ஒட்டி 2008இல் இப்பெயர்கள் நடைமுறைக்கு வந்தன. 2017 ஜூலையில் இம்மூன்று வகைகளுக்கும் முறையே அடிப்படை ஊதியத்தில் 24, 16, 8 விழுக்காடாக இருந்த படி, அகவிலைப்படி 50 விழுக்காட்டைத் தொட்டதும் 2024 ஜனவரி முதல் 30, 20, 10 ஆனது. அடிப்படை ஊதியம் ரூ.50,000 பெறுபவர் சென்னையிலிருந்து கோவைக்கு மாற்றலானால் படி ரூ.15,000இலிருந்து ரூ.10,000 ஆகக் குறையும். கோவையில் அவர் தரும் வாடகையும் அதே விகிதத்தில் குறையும் என்பதற்கு உறுதி இல்லை. மக்கள்தொகையை அளவுகோலாகக் கொண்டு உண்மை வாடகையைக் கணக்கில் எடுக்காதது இம்முறையின் பெருங்குறை. பள்ளிக் கட்டணம், மருத்துவ வசதி, பயண நேரம் ஆகியவையும் இதில் இடம்பெறுவதில்லை.

படியோடு தொடர்பின்றி, நகரங்களின் வாழ்க்கைத் தரத்தை அளக்க மைய வீட்டுவசதி, நகர்ப்புற விவகார அமைச்சகம் தனிக் குறியீடு வெளியிட்டுள்ளது. அதன் 2020ஆம் ஆண்டுப் பட்டியலில், பத்து லட்சத்துக்கு மேற்பட்ட மக்கள்தொகை கொண்ட நகரங்களுள் பெங்களூரு முதலிடமும் சென்னை நான்காமிடமும் கோவை ஏழாமிடமும் பெற்றன.