குளிர்ந்த எஞ்சினும் மூன்று ஊர்களும்

விம்பிள்டனில் வளர்ந்த பிள்ளைகள் மாரிகாலத்தில் வினிபெக்கிலோ எட்மன்ரனிலோ இருக்கும் உறவினர் வீட்டுக்குப் போனால் கேட்கும் கேள்வி ஒன்று உண்டு: டீசல் லொறிக்கு எதற்குப் பிளக்? லொறியின் முகப்பிலிருந்து ஒரு வயர் வால்போல் தொங்கும். இரவானதும் அதை வீட்டுச் சுவரில் உள்ள மின்சாரத்தோடு இணைப்பார்கள். அந்த வயருக்கு ஒரு வரலாறு உண்டு. அதன் ஒரு கிளை யாழ்ப்பாணத்துக்கும் போகிறது.

டீசல் எஞ்சினில் தீப்பொறி இல்லை. காற்றை அமுக்கி, அந்த அமுக்கத்தால் பிறக்கும் சூட்டிலேயே எரிபொருள் பற்ற வேண்டும். வெளியே மைனஸ் 30 பாகை என்றால் உறைந்த இரும்பு அந்தச் சூட்டை உறிஞ்சிவிடும். ஒயில் பாகுபோல் இறுகும். பற்றரியின் வலு பாதிக்கும் கீழே போகும். ஆகவே, ஸ்டார்ட் செய்வதற்குச் சில மணி நேரம் முன்பே எஞ்சினுக்குள் இருக்கும் குளிர்நீரைச் சூடாக்கி வைக்கிறார்கள். அதைச் செய்வதுதான் 'புளொக் ஹீற்றர்'.

அமெரிக்காவின் வட டகோட்டா மாநிலத்தில், கிராண்ட் ஃபோர்க்ஸ் நகரில் ஒரு கூட்டுறவு மின்சார நிறுவனத்தை நடத்திய ஆன்ட்ரூ ஃபிரீமன், எஞ்சினின் தலைப்பகுதியைப் பூட்டும் ஆணி ஒன்றுக்குப் பதிலாகச் சூடேறும் ஆணியைப் பூட்டலாம் என்று கண்டார். 1949இல் அதற்குக் காப்புரிமை பெற்றார். பின்னாளில் வந்த பல ஹீற்றர்கள் வேறொரு துளையைப் பயன்படுத்தின. எஞ்சினை வார்க்கும்போது உள்ளே அடைத்த மணலை வெளியே எடுக்க வட்டத் துளைகள் விடப்படும், பிறகு அவை தகட்டால் மூடப்படும். அதில் ஒரு தகட்டைக் கழற்றி ஹீற்றரைச் செருகினால் அது குளிர்நீருக்குள்ளேயே இருக்கும்.

தொங்கும் வயரில் உப்பும் சேறும் படியும், முனை துருப்பிடிக்கும், கழற்ற மறந்து லொறியை எடுத்தால் அறுந்தும் போகும். அதனால் பலர் பம்பரோடு மட்டமாகப் பதியும் மூடியுள்ள பிளக்கைப் பூட்டுகிறார்கள். பம்பரில் வட்டத் துளை அறுக்க வேண்டும். இரும்புப் பம்பர் என்றால் அறுத்த விளிம்பை அரத்தால் ராவி, துருப்பிடிக்காமல் பெயின்ற் பூச வேண்டும். றப்பர் வளையம் வைத்து, மூடி மேலிருந்து கீழே விழும்படி திருகாணி இறுக்க வேண்டும். உள்ளே போகும் வயர் புகைக்குழாயையும் விசிறிப் பட்டியையும் ஸ்டியரிங்கையும் தொடக்கூடாது. எர்த் கம்பியை விடவே கூடாது. முடிந்தபின் மீற்றர் வைத்துப் பார்த்தால் 120 வோல்ற்றுக்கான 1000 வாற் ஹீற்றர் ஏறத்தாழ 14 ஓம் காட்டும்.

இத்தனைக்கும் இரண்டு பொருட்கள் முன்கூட்டியே வேண்டும். இரவு முழுக்க வரும் மின்சாரமும், சுவருக்குப் பக்கத்தில் சொந்தமாக ஒரு நிறுத்துமிடமும்.

விம்பிள்டனுக்கு மின்சாரம் புதிதல்ல. டர்ன்ஸ்ஃபோர்ட் வீதியில் ரயில் கம்பனி கட்டிய மின்நிலையத்தின் வலுவில் 1915இலேயே இங்கு மின்சார ரயில் ஓடியது. ஆனால் வரிசை வீடுகளின் முன்னே தெருவில் நிற்கும் காருக்கு அந்த மின்சாரம் எட்டவில்லை. குளிரும் கனடாவின் குளிரல்ல. கொடிய குளிர் வந்தபோது இங்கிலாந்துக்காரர் எஞ்சினுக்குக் கம்பளம் போர்த்தினார்கள், கராஜில் நின்ற காரின் பொனெற்றுக்குள் சிறிய பாரஃபின் விளக்கை ஏற்றி வைத்தார்கள். 1962-63 மாரியில் அதுவும் போதவில்லை. லொறிகளின் டீசல் மெழுகாக உறைந்து வழியில் நின்றன. 1981இல் எஃப்ரா வீதியில் கணபதி கோயில் திறக்கப்பட்ட காலத்தில் இங்கு குடியேறிய நம்மவர்களுக்கும் காலையில் கார் இழுபடுவது பழகிப்போனதுதான்.

பாரஃபின் என்று ஆங்கிலேயர் சொல்வது நமது மண்ணெண்ணெய். 1990 ஜூனில் போர் மீண்டும் மூண்டபின் யாழ். குடாநாட்டுக்கு மின்சாரம் நின்றது, பெற்றோலுக்குத் தடை வந்தது. மண்ணெண்ணெய் மட்டும் அருமையாக, அதிக விலைக்குக் கிடைத்தது. மண்ணெண்ணெய் குளிர்ந்த எஞ்சினில் ஆவியாகாது, சூடான எஞ்சினில் ஆவியாகும். ஆகவே சிறு போத்தலில் காத்து வைத்த கொஞ்சம் பெற்றோலை விட்டு ஸ்டார்ட் செய்து, சூடேறியதும் மண்ணெண்ணெய்க்கு மாற்றினார்கள். மொரிஸ் மைனரும் ஒஸ்ரின் A40யும் மறுபிறவி எடுத்தது இதனால்தான். அமுக்கம் குறைந்த அந்தப் பழைய எஞ்சின்கள் தரங்குறைந்த எரிபொருளையும் ஓரளவு தாங்கின. புகை கக்கின, ஒயில் நீர்த்தது, ஆனாலும் நோயாளியை ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோயின.

இது புதுக் கண்டுபிடிப்பும் அல்ல. இங்கிலாந்தின் ஃபெர்குசன் உழவு இயந்திரங்களில் ஒரு வகை பெற்றோலில் கிளம்பி, சூடானபின் மண்ணெண்ணெய் போன்ற மலிவான எண்ணெய்க்கு மாறுவதற்கென்றே செய்யப்பட்டது. அங்கே அது தொழிற்சாலை செய்த ஏற்பாடு. யாழ்ப்பாணத்தில் அதைச் செய்தவர்கள் கராஜ்காரர்கள். எத்தனை சொட்டு, எந்தக் குழாயில், எப்போது மாற்றுவது என்பதெல்லாம் கையில் இருந்த அறிவு. எழுதி வைத்தவர்கள் மிகச் சிலரே.

புலம்பெயர்ந்தோர் வரலாறு என்றால் கோயிலும் பள்ளிக்கூடமும் சங்கமும் பதிவாகின்றன. குளிர்ந்த எஞ்சினை எழுப்பிய அறிவு பதிவாவதில்லை. அந்தக் கராஜ்களில் வேலை பழகிய சிலர் இன்று கனடாவில் லொறி ஓட்டுகிறார்கள், சிலர் லண்டனில் கராஜ் வைத்திருக்கிறார்கள். அவர்களுக்கு வயதாகிறது. இதற்கிடையில் மின்சாரக் கார் வாங்கிய விம்பிள்டன்காரர் நடைபாதையைத் தாண்டி வயரை எப்படிக் கொண்டுபோவது என்று யோசிக்கிறார். வினிபெக் லொறிக்காரருக்கு இது எழுபது வருடத்துக் கேள்வி. யாழ்ப்பாணத்தவருக்கு இன்னொரு கேள்வி இருந்தது: செருகுவதற்கு மின்சாரமே இல்லாவிட்டால்? அதற்கு விடை தெரிந்த பெரியப்பாவோ மாமாவோ உங்கள் வீட்டில் இருந்தால், இந்த மாரிக்குள் கேட்டு எழுதி வையுங்கள்.